கொலஸ்ட்ரால் மாத்திரையும் தசைவலியும்: மருந்துக்கடை கவுண்டரில் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் தேக்காவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக நிற்கிறேன். பணம் கட்டி, பையை வாங்கி, திரும்பிப் போகிற மாதிரி போய்விட்டு, மறுபடி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “தங்கச்சி, இந்தக் கொழுப்பு மாத்திரை போட ஆரம்பிச்சதிலிருந்து காலெல்லாம் ஒரே கடுப்பு. நிறுத்திடலாமா?” டாக்டரிடம் கேட்டீர்களா என்றால், “அவருக்கு ஏது நேரம்” என்ற பதில் தயாராக இருக்கும். அப்படிக் கேட்டவர்களின் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டரின் பேச்சுக்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்பது, எப்படிச் சொல்வது என்பதற்கு உதவும்.

கேள்வி: மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு தொடையும் வலிக்கிறது. மாத்திரைதானா காரணம்?

இருக்கலாம். சிம்வாஸ்டேட்டின், அட்டோர்வாஸ்டேட்டின், ரொசுவாஸ்டேட்டின், பிராவாஸ்டேட்டின் எல்லாம் ஸ்டேட்டின் என்ற ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தால் வரும் தசைவலிக்கு ஒரு சாயல் உண்டு. இரண்டு பக்கமும் வலிக்கும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளில் வரும். மாத்திரை தொடங்கிய, அல்லது அளவு கூட்டிய முதல் 12 வாரத்துக்குள் பெரும்பாலும் தலைகாட்டும். நிறுத்தினால் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும்.

ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் அது மூட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் சுரீரென்று இறங்கினால் நரம்பு. எட்டு வருஷமாக ஒரே மாத்திரை, ஒரே அளவு, போன வாரம்தான் வலி என்றால், போன வாரம் புதிதாக என்ன நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். வேறு மருந்து சேர்ந்ததா, வீடு மாறிச் சாமான் தூக்கினீர்களா?

கேள்வி: கொழுப்பு மாத்திரை போடுகிற எல்லாருக்குமே கால் வலி என்கிறார்களே?

எல்லாருக்கும் வலி உண்டு, அது உண்மை. மாத்திரை போடாதவர்களுக்கும் உண்டு. ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வில், ஸ்டேட்டினையும் மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் ஒப்பிட்ட 19 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 124,000 பேர். தசைவலியோ பலவீனமோ இருந்ததாகச் சொன்னவர்கள் ஸ்டேட்டின் பக்கம் 27.1 விழுக்காடு, போலி மாத்திரைப் பக்கம் 26.6 விழுக்காடு. தமக்குள்ளே போனது மருந்தா மாவா என்று தெரியாத நிலையில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வலி. முதல் வருடத்தில் மட்டும் ஸ்டேட்டின் பக்கம் கொஞ்சம் கூடுதல், அதன் பிறகு வித்தியாசம் கரைந்துவிட்டது. ஸ்டேட்டின் போடுகிறவர்கள் சொல்லும் தசைவலியில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மாத்திரையால் வந்ததல்ல என்பது அவர்கள் கணக்கு.

கேள்வி: அப்படியென்றால் எனக்கு வலிப்பது கற்பனையா?

இல்லை. இந்த வார்த்தையை யாராவது உங்களிடம் சொன்னால் நானே கோபப்படுவேன். வலி நிஜம், எதனால் வந்தது என்பதில்தான் பேச்சு.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஓர் அழகான சோதனை செய்தார்கள், 2020-இல் வெளிவந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினைக் கைவிட்ட 60 பேரை அழைத்து, ஆளுக்கு 12 புட்டி கொடுத்தார்கள், மாதத்துக்கு ஒன்று. நாலில் ஸ்டேட்டின், நாலில் போலி மாத்திரை, நாலு காலிப் புட்டி. தினமும் தொந்தரவு எவ்வளவு என்று போனில் மதிப்பெண் போட வேண்டும். காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. ஸ்டேட்டின் மாதங்களில் 16.3. போலி மாத்திரை மாதங்களில் 15.4! மாத்திரை என்று ஒன்றை விழுங்கினாலே தொந்தரவு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது, உள்ளே மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும். தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே பார்த்த பிறகு, அவர்களில் பாதிப் பேர் ஸ்டேட்டினை மறுபடி தொடங்கினார்கள்.

இது மனதின் ஏமாற்று வேலை என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. ‘இது காலைப் பிடிக்குமாம்’ என்று வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் சொன்னபின் விழுங்கினால், உடம்பு காலையே கவனித்துக்கொண்டிருக்கும். ஐம்பத்தெட்டு வயதுக் காலைக் கவனித்துப் பார்த்தால் வலி இல்லாமலா இருக்கும்?

கேள்வி: ‘இன்ஃப்ளமேஷன் வலி’ என்றார் டாக்டர். சாதாரணத் தசைவலிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

தமிழில் அழற்சி என்கிறோம். உடம்பின் எதிர்ப்பு சக்தி ஓர் இடத்தைத் தாக்கும்போது ஏற்படும் நிலை. ஸ்டேட்டினும் தசையும் என்று பேசும்போது நான்கு வேறு வேறு விஷயங்களை ஒரே பையில் போட்டுக் குழப்புகிறோம், அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

வெறும் வலி, ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை: இதுதான் ஆகப் பெரும்பாலானவை. அழற்சி இல்லை. அடுத்தது, தசை நார் சேதமாகி சிகே என்ற நொதி ரத்தத்தில் ஏறுவது. அது மிகவும் முற்றி, தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலைக்குப் போனால் ராப்டோமயோலிசிஸ். இது மிக அபூர்வம், ஆனால் அவசரம். செரிவாஸ்டேட்டின் என்ற மாத்திரையை இதற்காகவே 2001-இல் உலகச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இவையும் அழற்சி இல்லை, மருந்தின் நேரடிச் சேதம்.

நான்காவதுதான் எதிர்ப்பு சக்தியே தசைக்கு எதிராகத் திரும்புவது. ஸ்டேட்டின் போடும் ஒரு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு என்ற அளவில்தான் வரும். ஆனால் இதைத் தவறவிட்டால் ஆள் படுத்துவிடுவார். அதனால் இதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டது. பலவீனம் குறையவில்லை, கூடுகிறது. இது எப்படி?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் மருந்தை எடுத்து வைத்துவிட்டு உட்காரச் சொல்வேன்.

ஒரு அக்கா வழக்கமாக வருவார். தலையை வாரிக் கொண்டை போடுகிறவர். ஒரு நாள் முடியை வெறுமனே ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு வந்தார். கேட்டால், “கையைத் தலைக்கு மேல ஒரு நிமிஷம் வச்சிருக்க முடியலம்மா, தானா இறங்கிடுது” என்றார். வலிக்கிறதா? “வலின்னு பெருசா இல்ல.” கோயிலில் அன்னதானத்துக்குத் தரையில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்ததாம். கொழுப்பு மாத்திரையை ஏழு வாரம் முன்பே தானாகவே நிறுத்தியிருக்கிறார். முன்பு ஒரு கிளினிக்கில் காட்டியபோது வயது என்று சொல்லி வலித்தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அன்றே வேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். சிகே 8,000-ஐத் தாண்டியிருந்தது. பெரும்பாலான ஆய்வகங்களில் உச்ச அளவு 200 சொச்சம்தான்.

நடப்பது இதுதான். ஈரலில் கொலஸ்ட்ரால் தயாராக எச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி வேண்டும். ஸ்டேட்டின் அதன் கையைக் கட்டிப்போடுகிறது. செல்லோ, ‘ஆள் போதவில்லை’ என்று அந்த நொதியை இன்னும் அதிகமாக உற்பத்தி செய்கிறது. சிலருடைய மரபணு அமைப்பில், எதிர்ப்பு சக்தி இந்த நொதியை அந்நியனாக நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்துவிடுகிறது. சேதமான தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அதே நொதி அந்தத் தசையிலும் நிறைய சுரக்கும். ஆகவே மாத்திரை போய்விட்டாலும் தாக்குவதற்கு இலக்கு இருந்துகொண்டே இருக்கிறது. கொளுத்திய தீக்குச்சியை அணைத்தாயிற்று, கூரை எரிகிறது.

இந்த ஆன்டிபாடி எதைத் தாக்குகிறது என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னதே 2011 வாக்கில்தான். ஆகவே பழைய டாக்டர் சிலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராமல் போனால் ஆச்சரியமில்லை. இன்னொரு விசித்திரம்: அழற்சி நோய்க் குடும்பத்தில் வைத்திருக்கிறார்களே தவிர, தசையைத் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சிச் செல்கள் அதிகம் இருக்காது, செத்த தசை நார்கள்தான் தெரியும். மாத்திரை தொடங்கிப் பல வருஷம் கழித்தும் வரலாம். ஸ்டேட்டினே தொடாதவர்களுக்கும் அபூர்வமாக வருவதுண்டு.

சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின் என்று வாத நோய் நிபுணரோ நரம்பியல் நிபுணரோ தீர்மானிப்பார். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். இந்த ஆன்டிபாடி உறுதியானவர்கள் ஸ்டேட்டினை வாழ்நாளில் திரும்பத் தொடக்கூடாது. பெயர் வேறாக இருந்தாலும், ‘குறைந்த அளவுதானே’ என்று யார் சொன்னாலும்.

கேள்வி: காலையில் எழுந்தால் தோளும் இடுப்பும் பூட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது. பத்து மணிக்கு மேல் பரவாயில்லை. இதுவும் அதுவா?

இது பாலிமயால்ஜியா ருமேட்டிகா என்ற வேறு ஆளாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் வரும். காலை விறைப்பு முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் ஏறியிருக்கும், ஆனால் சிகே சரியாக இருக்கும். இதை வைத்துத்தான் மேலே சொன்ன நோயிலிருந்து பிரிக்கிறார்கள். ஸ்டேட்டின் போட்டவர்களுக்கு இது வந்ததாக மருந்துப் பாதுகாப்புப் பதிவுகளில் அறிக்கைகள் உண்டு. அதற்காக ஸ்டேட்டின்தான் வரவழைத்தது என்று நிரூபணமாகிவிடவில்லை. இரண்டுமே வயதானவர்களிடம் அதிகம் என்பதால் ஒன்றாகத் தட்டுப்படுவது இயல்பு. ஆசியர்களிடம் இந்த நோய் ஐரோப்பியர்களைவிடக் குறைவு. குறைந்த அளவு ஸ்டீராய்டுக்கே பல பேருக்குச் சில நாட்களில் விடுதலை கிடைக்கும்.

புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, கண் மங்குதல் இதோடு சேர்ந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலையில் ரத்தக்குழாய் அழற்சி இருந்தால் பார்வை போய்விடலாம்.

கேள்வி: சிகே பரிசோதனையில் எண் அதிகம் என்று ஹெல்த்ஹப் செயலியில் சிவப்பாகக் காட்டுகிறது. பயப்படலாமா?

முந்திய வாரம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பயப்படலாம். தைப்பூசத்துக்குச் செராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி தூக்கிய ஒரு தம்பி, இரண்டாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு, எண் ஆயிரத்தைத் தொட்டதும் முகம் வெளுத்து வந்து நின்றார். பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு எடுத்தபோது வழக்கமான அளவு. ஜிம், ஓட்டம், தசையில் போட்ட ஊசி எல்லாமே சிகேயை ஏற்றும். பொதுவாக உச்ச அளவைப்போல் பத்து மடங்கைத் தாண்டினால் மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்வார்கள். நாலு மடங்குக்குக் கீழே, தொந்தரவும் இல்லை என்றால் பெரும்பாலும் கவனித்துக்கொண்டு தொடர்வார்கள்.

இன்னொன்று. வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் சிகே சேராது, தனியாகக் கேட்க வேண்டும். ஈரல் பரிசோதனை என்று நாம் நினைக்கும் ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் தசையிலும் உண்டு. அவை ஏறியிருந்தால் ‘ஈரல் கெட்டுப்போச்சு’ என்று முடிவு கட்டுவதற்கு முன் சிகே பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி: நம்மவர்களுக்கு ரொசுவாஸ்டேட்டின் வேகமாகப் பிடிக்கும் என்கிறார்களே?

அரைகுறையாகப் பரவிய உண்மை. சிங்கப்பூரில் வாழும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் நான்கு பிரிவினருக்கும் ஒரே அளவு கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ரத்தத்தில் சேர்ந்த மருந்து வெள்ளையரைவிடச் சீனர்களுக்கு 2.3 மடங்கு, மலாய்க்காரர்களுக்கு 1.9 மடங்கு, இந்தியர்களுக்கு 1.6 மடங்கு. ஆகவே ஆசியர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவில் இருக்கும் மகனின் டாக்டர் 40 கொடுத்தார் என்று நீங்களும் அதைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: வேறு மருந்து சேர்ந்தால் வலி வருமா?

வரும், இங்கேதான் நான் அதிகம் பிடிப்பேன். தொண்டை வலிக்குக் கொடுத்த கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுத்த இட்ராகோனசோல் இரண்டும் சிம்வாஸ்டேட்டினை உடம்பிலிருந்து வெளியே போகவிடாது. ரத்தக்கொதிப்புக்கு அம்லோடிபின் போடுகிறவர்களுக்குச் சிம்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தை அதோடு சேர்க்கவே கூடாது. கவுட்டுக்கான கோல்ச்சிசின், குறிப்பாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, தானே தசையைப் பிடிக்கும். சீனப் புத்தாண்டில் வரும் பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும். ஒரு சுளை ஒன்றும் செய்யாது, தினம் ஒரு பழம் வேண்டாம்.

அப்புறம், சிவப்பு ஈஸ்ட் அரிசி. “இயற்கையானது” என்று ஸ்டேட்டினுக்குப் பதிலாக வாங்குகிறார்கள். அதிலிருக்கும் மொனகோலின் கே வேறெதுவும் இல்லை, லோவாஸ்டேட்டின்தான். முன்வாசல் வழியாக அனுப்பியதைப் பின்வாசல் வழியாக அழைத்து வருகிறோம். சென்னை போய் வந்தவர்கள் இன்னொரு வகை: அங்கே டாக்டர் எழுதியது வேறு வணிகப் பெயர், இங்கே பலதுறை மருந்தகத்தில் கொடுத்தது வேறு பெயர், இரண்டிலும் உள்ளே அட்டோர்வாஸ்டேட்டின். பெயர் வேறு என்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தவர்களை நானே மூன்று பேர் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மாத்திரை இல்லாமல் வேறென்ன காரணம் இருக்கும்?

தைராய்டு. அது மந்தமானால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும், சிகேயும் ஏறும். கொழுப்புக்கு மாத்திரை கொடுத்து, வலிக்கு மாத்திரையைக் குற்றம் சொல்லி, கடைசியில் மூலகாரணம் கழுத்தில் உட்கார்ந்திருக்கும். டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வெயில் நாட்டில் இருந்தாலும் ஏர்கானிலேயே வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறைவும் இருக்கும்.

கேள்வி: டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அவருக்குத் தமிழ் தெரியாது.

தமிழில் நமக்குக் கடுப்பு, குத்தல், உளைச்சல், இழுப்பு, அசதி, மரத்துப்போவது என்று எத்தனையோ வார்த்தை. மொழிபெயர்க்கும் பிள்ளை எல்லாவற்றையும் ‘பெயின்’ ஆக்கிவிடும். டாக்டருக்கு மிக முக்கியமானது வலியா, பலம் இல்லையா என்பது. ஆகவே வார்த்தையை விட்டு, செய்யும் வேலையைச் சொல்லுங்கள். வீவக அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் முடிகிறதா? கழிப்பறையிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்து நிற்க முடிகிறதா? போன தீபாவளிக்கு முடிந்தது இன்று முடியவில்லை என்பது அவருக்கு எந்த மொழியிலும் புரியும். மாத்திரை தொடங்கிய தேதி, வலி தொடங்கிய தேதி இரண்டையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரையையும், முஸ்தபாவில் வாங்கிய சத்து மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சிறுநீர் கோப்பி ஓ (பாலில்லாக் கறுப்புக் கோப்பி) நிறத்தில் போனாலோ, கடும் வலியோடு காய்ச்சலும் பலவீனமும் சேர்ந்தாலோ முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவு. நடக்கவே முடியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995.

கேள்வி: நானே சில வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?

டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர்களே 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்த்து, வலி போனால் மறுபடி கொடுத்து, திரும்ப வருகிறதா என்று சோதிப்பார்கள். சொல்லாமல் நிறுத்துவதில் இருக்கும் சிக்கல், திரும்பத் தொடங்க மறந்துபோவது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. கெட்ட கொழுப்பு லிட்டருக்கு ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது பல சோதனைகளில் தெளிவானது. இதய நோய் நம்மவர்களை இளவயதிலேயே பிடிக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு படம் சுவரில் இருக்கிறது.

கேள்வி: ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் வேறு வழி?

நிறைய. முதலில் அளவைக் குறைப்பது. ஸ்டேட்டினை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொழுப்பு கூடுதலாக 6 விழுக்காடுதான் குறையும். அதையே திருப்பிப் பாருங்கள்: பாதியாக்கினால் இழப்பதும் அவ்வளவுதான். ரொசுவாஸ்டேட்டினை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுப்பதும் உண்டு. எசெட்டிமைப் சேர்த்தால் 15 முதல் 20 விழுக்காடு குறையும், அது குடலில் வேலை செய்வது. ஊசி வடிவில் எவோலோகுமாப், அலிரோகுமாப் உண்டு. கெட்ட கொழுப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும், விலையும் அதற்கேற்றபடி. ஆன்டிபாடி நோய் வந்தவர்களுக்கு இந்த ஊசிதான் பெரிய ஆறுதல்.

கேள்வி: கோ-கியூ10 வாங்கலாமா?

அது உடம்பு தானே தயாரிக்கும் ஒரு பொருள், ஸ்டேட்டின் அதன் அளவைக் குறைப்பது உண்மை. வாங்கிச் சாப்பிட்டால் வலி போகும் என்பதற்கான ஆதாரம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. என்னிடம் கேட்டால், அந்தக் காசுக்கு எம்ஆர்டி ரயில் ஏறிப்போய் சிகே எடுத்துவிட்டு வாருங்கள் என்பேன்.

கேள்வி: டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். மீதி இரண்டு அட்டை இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் கொழுப்புதான், அவருக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம் அக்கா. அவர் அம்லோடிபின் போடுகிறார், போன மாதம் நான்தானே எடுத்துக் கொடுத்தேன். அட்டையைக் கொண்டு வாருங்கள், எது என்று பார்த்துச் சொல்கிறேன்.